பேசாலைக்காரனின் கில்ட்

பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஒருநாள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு குப்பை போடக் கீழே இறங்கினேன். பிரான்காச்சோவில் எங்கள் அடுக்குமாடிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கிறது. எதிரே வந்த கீழ்வீட்டு சின்யோரா என்னைக் கண்டதும் கையிலிருந்த பைகளை நிலத்தில் வைத்துவிட்டு, வீட்டில் தீப்பிடித்துவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்டாள். குளித்துக்கொண்டிருந்தவன் துவாயோடு ஓடிவந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அப்போது தெரிந்த நாலைந்து இத்தாலியச் சொற்களைக் கூட்டி, "தீ இல்லை. காற்சட்டை இல்லை. இது," என்று சாரத்தைத் தொட்டுக் காட்டினேன். அன்று மாலை எங்கள் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. அவளுடைய கணவரின் பழைய காற்சட்டைகள், அயன் பண்ணி மடித்தபடி உள்ளே இருந்தன. அதன் பிறகு என் சாரம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

ஊரில், பேசாலையில், சாரத்தோடுதான் கடைக்குப் போனேன், கடற்கரை மீன் வாடிக்குப் போனேன், பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்கப் போனேன். தண்ணீருக்குள் இறங்கும்போது மடித்துக் கட்டுவோம். பெரியவர்களைக் கண்டால் இறக்கிவிடுவோம். அது உடுப்பா என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. இங்கே வந்து காற்சட்டைக்குள் பல வருடங்கள் வாழ்ந்த பிறகு காற்சட்டையைப் பற்றியும் நான் யோசித்ததில்லை. சென்ற குளிர்காலத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்யும் மீன் உணவகத்தின் சமையலறையில், கணவாய் பொரித்த எண்ணெய்த் தாச்சி சரிந்து என் வலது தொடையில் கொட்டும் வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் என் உடம்பின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா, புதுத் தோல் மிகவும் மெல்லியது, சில மாதங்களுக்குக் காற்சட்டை கூடாது என்றார். "லார்கோ, லார்கோ," என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அகலமாக, காற்றோட்டமாக என்று பொருள். வீட்டுக்குள் சாரம் இருந்ததால் பிரச்சினை இல்லை. வெளியே போவதுதான் பிரச்சினை. தேவாலயத்து ஞாயிறு பூசைக்கு ஒருமுறை தொளதொளவென்ற விளையாட்டுக் காற்சட்டையோடு புறப்பட்டேன். இரண்டாவது பஸ் ஏறுமுன் துணியில் இரத்தம் ஊறிவிட்டது. திரும்பி வந்து கட்டிலில் இருந்தவன், பிறகு கிழமைக்கணக்காகப் பல்கனிக்கு அப்பால் போகவில்லை. உணவகத்து முதலாளி நல்ல மனிதர். ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு கூட்டம் வந்துவிடும், அதற்குள் நான் வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று போனில் சொன்னார்.

என் மகள் ஷரோன் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள்தான் வழி சொன்னாள்.

"அப்பா, கில்ட் போடுங்கோவன். ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் போடுறது. சாரம் மாதிரித்தான், மா கோன் லே தாஸ்கே."

பொக்கற்றுகளோடு என்கிறாள். என் மனைவி ஜெசிந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாரத்தோட போனா துவாய் எண்டினம். இதோட போனா பாவாடை எண்டுவினம். உங்களுக்கென்ன, கதை கேக்கிறது நான்தானே."

மகள் போனில் தேடினாள். கம்பளியில் கட்டம் போட்டு நெய்தவை எங்களுக்குக் கட்டாத விலை. ஆனால் முதல்முறை உடுக்கிறவர்களுக்கென்று சாதாரணப் பருத்தித் துணியில், துவைக்கச் சுகமான, மலிவான கில்ட்டுகளும் உண்டாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரர்களின் உடுப்பு விற்கும் ஒரு சிறிய கடையில் அவை இருப்பதைக் கண்டுபிடித்தாள். சாரத்துக்கு மேல் நீளமான குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு போனேன்.

கடையில் இருந்த இளம்பெண்ணின் கழுத்துவரை பச்சை குத்தியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உற்சாகமாக, "கே க்ருப்போ?" என்று கேட்டாள். என்ன குரூப் என்கிறாள். ஆஸ்பத்திரிக் கேள்விகளுக்குப் பழகிப்போயிருந்த நான், "பி பொசித்தீவோ," என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். "கேள்விப்பட்டதில்லையே. இங்கே வாசிக்கிறார்களா?" ஷரோன் சிரிப்பை அடக்க முடியாமல் சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தக் கடைக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இசைக்குழுக்காரர்களாம். நான் என் இரத்த வகையைச் சொல்லியிருக்கிறேன்.

காலைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என் காற்சட்டை அளவைக் கேட்கவேயில்லை. கில்ட் இடுப்பில் அல்ல, தொப்புளுக்கு நேரே நிற்க வேண்டும், காற்சட்டை அளவைச் சொல்லி வாங்கினால் சுற்றி வராது என்று சொல்லி, தானே அளவு நாடாவைச் சுற்றினாள். கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துத் தந்தாள். நான் மடிப்புகளை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பெண்களின் சேலையில் மடிப்பு முன்னால்தானே வரும். அவள் என்னைச் சுற்றித் திருப்பிவிட்டு, மடிப்பு பின்னால், தட்டைப் பக்கம் முன்னால் என்றாள். பிறகு "முழங்காலில் நில்லுங்கள்," என்றாள். கடை நடுவில் ஏன் என்று புரியாமல், கோயிலில் நிற்பது போல நின்றேன். துணியின் ஓரம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நீளம் சரியாம். சரியாக இருந்தது. உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் தடவிச் சேர்த்து உட்கார வேண்டும் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். பிள்ளை நடக்கப் பழகுவது போல நானும் எழும்பி எழும்பி இருந்து பார்த்தேன். தொடையில் எதுவும் உராயவில்லை.

வீடு திரும்பிய பஸ்ஸில் யாரும் என்னைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பார்த்தது நம் ஆட்கள்தான். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் ஊர்க்காரன் ஒருவன் கோயில் வாசலிலேயே, "என்ன மச்சான், மகளின்ர பாவாடையோ?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை. பஸ் தரிப்பு வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனாள். திருமணமான நாளிலிருந்து அவள் என்னை விட்டு அப்படி நடந்ததில்லை. காலில் எரிந்ததைவிட அது அதிகம் எரிந்தது.

ஈஸ்டர் முடிந்து வேலைக்குப் போனேன். சமையலறைக்குள் நீளக் காற்சட்டை கட்டாயம் என்பதால், முதலாளி என்னை வாசலில் மீன் அடுக்கி வைக்கும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். கில்ட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு நீளமான ஏப்ரன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். "முன்னால் கட்டிக்கொள். பின்னால் மீனுக்குத்தானே தெரியும்," என்றார்.

நகரத்துக்குள் லிபெர்த்தா வீதியில் வீட்டு வேலை செய்யும் ஜெசிந்தா, அன்று வேலை முடிந்ததும், சொல்லாமலே பஸ் பிடித்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வந்துவிட்டாள். கையில் மருந்துப் பை இருந்தது. மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. உணவகத்துக்குப் பின்னால், மீன்பெட்டிகள் அடுக்கிய இடத்தில் என்னை இருத்தித் தொடையைப் பார்த்தாள். கட்டுத்துணி வெள்ளையாகவே இருந்தது.

"இரத்தம் வரேல்லை," என்றாள்.

"இல்லை."

"அண்டைக்கு அவன் சிரிச்சது எனக்குப் பொறுக்கேல்லை. உங்களில கோவம் இல்லை." மருந்தைப் பூசி முடிக்கும் வரைக்கும் தலை நிமிரவில்லை. "கொஞ்சம் நடப்பமே?"

கூழாங்கற்கள் நிறைந்த கரையில் மெதுவாக நடந்தோம். மாதக்கணக்கில் கடலைத் தொடாத கால் தானாகவே தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு அலை முழங்காலுக்கு ஏறி வந்தது. என் கை யோசிக்காமல் குனிந்து, பேசாலையில் செய்வது போல, துணியின் முன்ஓரத்தைத் தூக்கிப் பிடித்தது. முன்பக்கம் மட்டும்தான் வந்தது. பின்னால் இருந்த கனத்த மடிப்புகள் வரவில்லை.

"நனையப்போகுது, நில்லுங்கோ," என்று ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து, பின்னால் நின்று மடிப்புகளை அள்ளிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலை வந்தபோது முன்பக்கம் என் கையில் சாரமாக மடிந்து கிடந்தது. பின்பக்கம் அவள் கையில் கில்ட்டாகவே இருந்தது.