இத்தாவில் கழற்றிய கிளிப்

பல்லுக்குக் கட்டியிருந்த கம்பியை எடுத்த பிறகு, பல் நகராமலிருக்கப் போடும் கிளிப்பைக் கலியாணத்தின் பின்னும் போட்டு வந்தேன். காலையில் அதைக் கழுவி வைப்பது என் கணவர்தான். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும் என்று பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பார்.

"இந்தச் சிரிப்பப் பாத்துத்தான் நான் கலியாணத்துக்கு ஓமெண்டு சொன்ன" என்பார்.

கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிள் மோதி அவர் மௌத்தானார். கணவனை இழந்தவள் அலங்காரம் தவிர்த்து வீட்டிலிருக்கும் இத்தா தொடங்கியது. அவருடைய உம்மா என் வாயைப் பார்த்தார்.

"பல்ல அழகாக்குற சாமான்தானே மகள். நகையோட அதயும் கழட்டி வைங்க."

கழற்றினேன். இது அலங்காரமில்லை மாமி, வைத்தியம் என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. மகனைப் பறிகொடுத்தவரிடம் இன்றைக்கும் அந்தக் கோபத்தைக் காட்ட முடியவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து இத்தா முடிந்த அன்று, அவர் கழுவுவதுபோலவே கழுவிக் கிளிப்பைப் போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை. ஈறு வலிக்க வலிக்க அழுத்தினேன். முன்பல்லொன்று, பள்ளிக்கூட வயதில் இருந்ததுபோல, பக்கத்துப் பல்லின் மேல் ஏறிக்கிடந்தது.

கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன். அவர் ஒருநாளும் கண்டிராத ஒருத்தி சிரித்தாள்.