மைனி குடித்துப் பார்த்த தண்ணீர்

முட்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் எவர்சில்வர் குடம் உண்டு. வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது, சுவரில் ஃபில்டரும் தொங்குகிறது. ஆனாலும் குடிப்பதற்கு மட்டும் அண்ணன் தினமும் அந்தக் குடத்தில் சபைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிறான். ஃபில்டர் தண்ணீரில் ருசியே இல்லை என்பான். கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். குடம் அவன் தோளுக்கு எப்படி ஏறியது என்று எனக்கல்லவா தெரியும்! அது என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, செய்த வேலை.

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. குளிக்க, துவைக்க ஆகும். வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கவும் பருப்பு வேகவும் தெருக்கோடியில் தேவாலயத்தை ஒட்டி உள்ள சபைக் கிணறுதான் கதி. சுமப்பது அம்மா. இடுப்பு வலித்தாலும் அம்மாதான். நான் நாகர்கோவிலில் தங்கி வேலை பார்த்தேன். அண்ணனோ, குடம் தூக்கினால் கௌரவம் போய்விடும் என்று வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தால் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த உப்பால் அவனுக்கு ஏற்கெனவே சில சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. அம்மாவுக்கு அதே கவலை.

ஆகவே இரணியலிலிருந்து பெண் வீட்டார் வந்த அன்று என் தாய்மாமா ஒரு தந்திரம் செய்தார். கேன் தண்ணீரை வாங்கிச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, "நம்ம கிணத்துத் தண்ணின்னு சொல்லிரணும், கேட்டியா?" என்று எல்லோரையும் மிரட்டி வைத்தார். வழக்கமாகப் பெரியவர்கள்தான் வருவார்கள். அன்றைக்குப் பெண்ணும் கூடவே வந்து இறங்கினாள். மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

அவள் தம்ளரில் ஒரு வாய் குடித்தாள். நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்தி அதையும் குடித்தாள்.

"இது உப்பாட்டு இருக்கே. உள்ள தந்தது வேற வெள்ளமில்லா?"

"எழும்பு மக்கா, போவோம். குடிக்க வெள்ளத்துலயே பொய் சொல்லுதவங்ககிட்ட என்ன பேச்சு?" என்று அவள் அப்பா எழுந்தேவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பொய்தான் அண்ணாச்சி. நல்ல வெள்ளம் சபைக் கிணத்துல இருக்கு. நான்தான் சுமக்கேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவை அவள் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "அப்போ இனி நான் சுமக்கணும், இல்லியா?"

என்ன தைரியம்! எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அண்ணன் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கஞ்சி போட்ட புது வேட்டியோடு தெருவில் இறங்கினான். "ஏலே, உனக்கு என்னலே ஆச்சு?" என்று யாரோ சிரித்தார்கள். வழியெல்லாம் சிந்தி, தொப்பலாக நனைந்து, பாதிக் குடத்தோடு திரும்பி வந்து நின்றான்.

அவள் ஒரு தம்ளர் மொண்டாள். குடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க குடியுங்க, மாமி."

மருமகள் மாமியாரைக் கூப்பிடும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் அப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அடுத்தவர் சுமந்த தண்ணீரை அம்மா குடித்ததில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுதபடியே மடமடவென்று குடித்தாள்.