வாசலில் நிற்பவளின் கோபம்

கருவாட்டு நாற்றத்துக்கு நடுவில்தான் அந்தச் சத்தம் வந்தது. காலைப் பஸ். அன்புவழிபுரத்தில் ஏறியதிலிருந்து கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன். காலடியில் யாரோ வைத்த சாக்குக்குள் கட்டாக் கருவாடு. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஒருமுறை மூச்சு விடுகிறது. எனக்கு முன்னால் இருந்தவரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தினமும் இதே பஸ்ஸில் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போகிறவர், முகப்பழக்கம். இரண்டு பெருவிரல்களாலும் கைபேசியைக் குத்திக்கொண்டிருந்தார். திரையில் கரியாலும் பாசியாலும் செய்த ஒரு பெண்ணுருவம். அவர் வெட்டினார், விலகினார், வெட்டினார், விலகினார். உருவம் சிவந்தது. வாயைத் திறந்து கத்தியது.

அது என் குரல்.

இரும்பு உரசும் ஓசையைக் கலந்து, கிணற்றின் அடிக்கு இறக்கியிருந்தார்கள். ஆனாலும் கத்தலின் முடிவில் ஒரு சிறிய விக்கல் இருக்கிறது, மூச்சுப் பிடிபட்டு அறுகிற விக்கல். அதை அவர்களால் மறைக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக் கொடியில் தன் உள்பாவாடை காய்வதைக் கண்டவள் போல நின்றேன். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் தோற்றுப்போனார், திரும்ப ஆரம்பித்தார். நான் திரும்பவும் கத்தினேன். கருவாட்டுச் சாக்கு திரும்பவும் மூச்சு விட்டது. நாக்கின் அடியில் புளித்த நீர் ஊறியது.

போன வருடம் அம்மா இறந்து சில மாதங்களில் தம்பி கொழும்பிலிருந்து வந்தான். எப்போதும் போலச் சொல்லாமல் வந்தான், எப்போதும் போலத் தன்னிடமிருந்த திறப்பால் முன்கதவைத் திறந்தான். அது அம்மா கொடுத்த திறப்பு. கொழும்பில் அவன் கைபேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு இடத்தில் வேலை செய்கிறான்; கண் இமைக்கமுதல் நாலு பேரை வெட்டவேண்டிய விளையாட்டுகள். இந்த முறை கையில் ஒலிவாங்கி இருந்தது. கோபமடைகிற எதிரி ஒருத்திக்குக் குரல் வேண்டுமாம். கவியரங்குகளில் என் குரல் நன்றாக இருக்கும் என்று அவன் மேலிடத்தில் சொல்லியிருக்கிறான்.

மத்தியானச் சாப்பாட்டின்போது எனக்கு விளக்கினான். எதிரிகள் சும்மா கோபிப்பதில்லை, அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பாதி உயிரை எடுத்துவிட்டுக் கொல்லாமல் விட்டால் கோபம் வரும். பக்கத்தில் நிற்கும் கூட்டாளி செத்தால் வரும். அது காவல் நிற்கிற பொருளில் கை வைத்தால் எல்லாவற்றிலும் பெரிய கோபம் வரும். வந்தவுடன் உடம்பு சிவக்கும், ஓட்டம் இரட்டிக்கும், கையிலிருக்கும் கேடயத்தை எறிந்துவிடும்.

கேடயத்தை ஏன் எறியவேண்டும் என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே அக்கா கோவப்படுத்திறது. கோவம் வந்தா தன்னைக் காக்க மறந்திடும். அப்ப அடிச்சா ஒண்டுக்கு ரெண்டா விழும்."

சொல்லிக்கொண்டே பாரை மீனின் முள்ளை வாயிலிருந்து இழுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தான். எச்சிலில் பளபளத்தது. குளிரூட்டிய அறைகளில் கதிரை போட்டு உட்கார்ந்து, யாரை எங்கே தொட்டால் கொதிக்கும் என்று கணக்கு எழுதுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சோற்றில் கை போகவில்லை.

ஒலிப்பதிவுக்கு அம்மாவின் அறையை எடுத்துக்கொண்டான். எதிரொலி வரக்கூடாதென்று அம்மாவின் அலுமாரியைத் திறந்து, சேலைகளை எடுத்துச் சுற்றிவரக் கயிற்றில் தொங்கவிட்டான். நப்தலீன் மணமும், அதற்கு அடியில் அம்மாவின் சந்தனப் பவுடரும். சேலைகளுக்கு நடுவில் என்னை நிற்கவைத்துக் கத்தச் சொன்னான்.

கத்தினேன். கப்பல்துறையில் என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்வது போல இருந்ததாம். இன்னும் கத்தினேன். "அக்கா, இது மீன்காரனோட விலை பேசிற மாதிரிக் கிடக்கு" என்றான். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிள்ளை பாம்பு கீம்பு கண்டனீங்களோ என்று விசாரித்தா. அதுவரைக்கும் நல்ல நாள்தான். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பிறகு அவன் தன் வேலையைத் தொடங்கினான். எனக்கு அது வேலை என்று அப்போது விளங்கவில்லை.

முதலில் என் எழுத்தைத் தொட்டான். என் புத்தகங்களை அலுமாரிப் பூச்சிகள் மட்டும்தான் முழுதாக வாசிக்கின்றன என்றான். அது உண்மைதான் என்று சிரித்தேன். பிறகு, எனக்குக் கலியாணம் பேசி, கனடாவுக்குப் போய், அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட மனிதனைப் பற்றிச் சொன்னான். சும்மா இரடா என்றேன். குரல் கொஞ்சம் ஏறியது. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுப் பெட்டியில் துடிக்கிற பச்சைக் கோட்டைப் பார்த்தான். போதாது என்று தலையாட்டினான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை கட்டுகிற இடத்தில் போய் இருப்பான். தம்பி கொழும்பில் கட்டினான். அந்தப் பக்கம் கொடுக்க வீடு இருக்கவில்லை, வாடகைக்கு இருக்கிறான். நான் கட்டவே இல்லை. ஆனாலும் அம்மா வீட்டை என் பேருக்கு எழுதினா. படுக்கையில் விழுந்த பிறகு எழுதினா. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

"கலியாணம் கட்டாத ஆளுக்கு என்னத்துக்குச் சீதன வீடு?" என்றான், மெதுவாக, ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டே. "வீட்டுக்காகத்தானே நீங்கள் அம்மான்ர மூத்திரச் சீலை தோய்ச்சனீங்கள்."

என்ன சொன்னேன் என்று தெரியாது. சொல் இருந்திருக்காது. சேலைகள் ஆடியது ஞாபகம் இருக்கிறது. தொண்டைக்குள் ஏதோ கிழிந்து கடைசியில் விக்கல் வந்தது ஞாபகம் இருக்கிறது. பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விழுந்திட்டுது" என்றான் தம்பி. காதிலிருந்து கருவியைக் கழற்றினான். முகம் விரிந்திருந்தது. என் கத்தலைத் திரையில் மலைமலையாகக் காட்டினான். சத்தத்துக்காகச் சும்மா சொன்னது, மனதில் வைக்கவேண்டாம் என்றான். அன்று இராச்சாப்பாட்டில் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டான். நான் குசினியில் நின்று கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சீலைகளைத் தோய்த்த காலம் முழுவதும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. குழந்தையின் துணி போல அலசினேன், வெயிலில் விரித்தேன், மணந்து பார்த்து மடித்தேன். அவனுடைய அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் அந்தத் துணிகள் நாறத் தொடங்கின. பின்னோக்கி நாறின, எல்லா நாட்களுக்கும்.

சும்மா சொன்னது என்பதைப் பிடித்துக்கொண்டேதான் இத்தனை மாதமும் இருந்தேன். தம்பி வேலைக்காரன், வேலைக்காகச் சொன்னான். நம்ப முடிந்தது, இந்தப் பஸ் வரைக்கும்.

குனிந்து அந்த மனிதரிடம் கேட்டேன், அந்தப் பொம்பிளை ஏன் கத்துகிறாள் என்று.

"கதவைத் தொட்டாக் கத்துவா, ரீச்சர். வீட்டு வாசலில நிக்கிறா எல்லோ. எவ்வளவு வெட்டினாலும் ஒண்டுமில்லை, கதவில கை வச்சா விசர் ஏறும். ஏத்திறதுதான் எங்களுக்கும் லேசு."

வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. வெறும் அறை. கயித்தில சேலையள் தொங்குது."

சீனன்குடாச் சந்தியில் அவர் இறங்கிப் போய்விட்டார். நான் கப்பல்துறையில் இறங்கி, பள்ளிக்கூட மதிலோரம் குந்தி, காலையில் குடித்த தேத்தண்ணியைச் சத்தி எடுத்தேன். எறும்புகள் உடனே வந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைகளை யோசித்தவன் யார் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் திவசத்துக்குத் தம்பி வந்தான். திறப்பால் திறந்து உள்ளே வந்தான். ஐயர் சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டான்; படைத்த பாயசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தான். அந்த எதிரிக்கு நல்ல பேர், விளையாடுகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று மாமியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமி ஒன்றும் விளங்காமல் சந்தோஷப்பட்டா. நான் வாழையிலைகளை மடித்து எடுத்தேன். கேள்வி வாய்க்குள்ளேயே கிடந்தது, மென்று துப்பாத வெற்றிலை மாதிரி.

அடுத்த நாள் பின்னேரம் அவனோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். அங்கே எப்போதும் திரிகிற மான்களில் ஒன்று குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு, குழம்பு ஊறிய சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தது. தாள் பாதி வாய்க்குள், பாதி வெளியே. அது விழுங்குமட்டும் கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை.

என் குரலை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ஏலாது என்றான். எல்லாருடைய கைபேசிக்கும் போய்விட்டது, தானே நினைத்தாலும் முடியாது. பிறகு மற்றதைக் கேட்டேன். அன்றைக்குச் சொன்னது சத்தத்துக்கு மட்டும்தானா என்று.

அவன் பையைத் தோளில் மாற்றினான். விடுங்கோ அக்கா என்றான். நான் விடவில்லை. கொழும்புப் பஸ்ஸின் நடத்துநர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லாததைச் சொன்னா ஒருத்தருக்கும் கோவம் வராது அக்கா" என்றான் கடைசியில். "ஓம், நினைச்சனான்தான். இப்பவும் நினைக்கிறன். நீங்கள் வீட்டுக்காகத்தான் பாத்தனீங்கள்."

சொல்லிவிட்டு நின்றான். அவன் கண் என் முகத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. அன்று பச்சைக் கோட்டைப் பார்த்த அதே பார்வை. கோபம் ஏறுகிறதா என்று பார்க்கிறான். ஏறத்தான் செய்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, விக்கலோடு, கருவாட்டு நாற்றத்தோடு வந்தது. உமிழ்நீரைக் கூட்டி அதை விழுங்கினேன். கசந்தது. திரும்பவும் வந்தது, திரும்பவும் விழுங்கினேன்.

பஸ் உறுமியது. அவன் ஒரு காலை மிதிபலகையில் வைத்தான், போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்கிறேன் என்று வழக்கம்போலச் சொன்னான். நான் கையை நீட்டினேன். விடைபெறுவதற்கென்று நினைத்து அதைப் பிடித்தான். நான் கையை விடுவித்து, திரும்ப விரித்துக் காட்டினேன்.

"என்னக்கா?"

"வீட்டுத் திறப்பு. அம்மா தந்தது. தந்திட்டு ஏறு."