கோப்பைகள் சத்தம் போடாத மதியம்

நெல்டா குடியிருக்கும் ட்ரெய்லர் வீட்டில் அடுப்புக்கு மேலே கொக்கிகளில் கோப்பைகள் தொங்கும். அவள் கணவன் வெர்லின் கட்டிலில் புரண்டால் அவை லேசாக உரசும். எழுந்து உட்கார்ந்தால் கிணுகிணுக்கும். கதவை நோக்கி நடந்தால் எல்லாம் சேர்ந்து சத்தம் போடும். நெல்டா திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வெர்லின் குழாய் பதிக்கும் வேலையில் வெல்டராக இருந்தவன். எண்ணெய்க் குழாய் போகும் இடமெல்லாம் அவர்கள் குடும்பமும் போகும். ஒரு ஊரில் ஒரு கோடைக்காலம், இன்னொரு ஊரில் ஒரு குளிர்காலம். அவன் ட்ரக்கில் ட்ரெய்லரை மாட்டி முன்னால் இழுத்துப்போவான். நெல்டா தன் காரில் பின்னால் வருவாள். ஓடும் ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழாய்க்காரர்களின் குழந்தைகளுக்கு அது நடக்கப் பழகும் முன்பே தெரியும். நிறுத்திய ட்ரெய்லரில் யாராவது எழுந்தால் "நடக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார்கள். காபி ஊற்றுகிறவர் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் அல்லவா.

ஒருமுறை நெப்ராஸ்காவிலிருந்து கிளம்பும்போது மகள் ஜொலீன் அம்மாவின் காரில் இருக்கிறாள் என்று வெர்லின் நினைத்தான். அப்பாவின் ட்ரக்கில் இருக்கிறாள் என்று நெல்டா நினைத்தாள். குழந்தை ட்ரெய்லரின் பின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பக்கக் காற்று. ட்ரெய்லரின் வால் இப்படியும் அப்படியும் வீசுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நெல்டா ஓட்டினாள். பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால் வெர்லின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ட்ரெய்லரைத் திறந்து மூலைமுடுக்கெல்லாம் பார்க்காமல் அவன் வண்டியைக் கிளப்பியதில்லை.

அதெல்லாம் நடந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது அவர்கள் வயோமிங்கில், ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கும் எங்கள் பார்க்கில் நிலையாக இருக்கிறார்கள். ட்ரக்கை விற்றாகிவிட்டது. பார்க்குக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒரு பள்ளம்தான். குளிர்காலத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். எங்கள் ட்ரெய்லர்கள் எல்லாம் அதற்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் ஆடும். நாங்கள் பழகிவிட்டோம்.

வெர்லினும் பழகியவன்தான். ஆனால் அவனுக்கு நினைவு கலைய ஆரம்பித்திருந்தது. போன நவம்பரில் ஒருநாள் ட்ரெய்லர் ஆடியபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னான்.

"நெல், வண்டி ஓடுது."

"காத்துப்பா."

"ஓடுதுங்கறேன். நாம உள்ள இருக்கோம். முன்னாடி ஓட்டுறவனுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து காற்று எழும்போதெல்லாம் இதுதான். சுவரைத் தட்டுவான். நிறுத்து நிறுத்து என்று தொண்டை கட்டும்வரை கத்துவான். ஓடும் வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது. அதனால் கதவுப் பக்கம் போகமாட்டான். வியர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் பயம் மெல்ல நெல்டாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் திரையை விலக்கி வெளியே வேலிக்கம்பம் அதே இடத்தில் நிற்கிறதா என்று அவளே பார்ப்பாள்.

கேஸ்பர் நகரத்திலிருந்து மகள் ஜொலீன் போன் செய்தாள்.

"அம்மா, இங்க ஒரு முதியோர் ஹோம்ல இடம் இருக்கு. அப்பாவ ஒருநாள் ரோட்டுல கண்டுபிடிக்கப் போறீங்க."

"அவரு கதவத் தொடவே மாட்டாரு."

"தொட்டா? ஒரு தடவை தொட்டாலும் நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

நெல்டா அடுத்தநாளே பார்க்கைக் கவனித்துக்கொள்ளும் ஹாலிஸைக் கூப்பிட்டாள்.

"இந்த ஆட்டத்த நிறுத்தணும்."

"ஏன் நெல்டா? வண்டி இந்த ஆட்டம் ஆடுதேன்னு இந்த வரிசையே உங்க மேல பொறாமையில இருக்கு."

"அந்தப் பொறாமைய உன் வீட்டுக்காரிகிட்ட கேளு. உன் ட்ரெய்லர் சும்மாதான நிக்குது."

ஹாலிஸ் வாயை மூடிக்கொண்டு கீழே படுத்தான். நான்கு மூலைகளிலும் வண்டியைத் தாங்கும் ஜாக்குகளுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, தரையைக் கவ்வும்வரை சுற்றினான். இரண்டு டயர்களுக்கும் நடுவில் விரிந்து இறுகும் இரும்பைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினான். அடிச்சட்டத்திலிருந்து தரைக்குச் சாய்வாகக் கம்பிகள் கொடுத்தான்.

"இன்னும் இறுக்கு" என்றாள் நெல்டா.

"இதுக்கு மேல இறுக்குனா சட்டம் வளைஞ்சு கதவு சிக்கிக்கும். ஜாக்கு வண்டியத் தூக்கறதுக்கு இல்ல, புடிச்சு வைக்கத்தான்."

அவன் எழுந்து தோளால் ட்ரெய்லரை முட்டிப்பார்த்தான். தேவாலயம்போல நின்றது.

அன்று காற்று அடித்தது. கோப்பைகள் சும்மா தொங்கின. வெர்லின் மேசையில் கையை விரித்து வைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சிரித்தான். அந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கினான். நெல்டாவும் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அவள் அடுப்பில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே தரைப்பனியைக் காற்று வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வெர்லின் பின்னால் கட்டிலில் இருந்தான். அவள் முதுகைத் திருப்பாமலே பேசிக்கொண்டிருந்தாள். ஜொலீன் கிறிஸ்மஸுக்கு வருகிறாள். ஹாலிஸின் நாய் குட்டி போட்டிருக்கிறது. சோள ரொட்டி வேண்டுமா?

"வேணுமா வேண்டாமா?"

கோப்பைகளைப் பார்த்தாள். அசையாமல் இருந்தன. தூங்குகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கிளறினாள். அப்போதுதான் காலில் குளிர் பட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

கட்டில் காலி. அவன் பூட்ஸைக் காணோம். கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் கடந்து போயிருக்கிறான். அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வெளியே எதுவும் தெரியவில்லை. பனித்தூள் இடுப்புயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெயரைக் கூப்பிட்டாள். காற்று அதை வாயிலேயே அடைத்தது. தூரத்தில் ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே கடந்து போனது. நீளமான ஹாரன். அது நிற்கும்வரை அவளால் அசைய முடியவில்லை. பிறகு பள்ளத்தில் இறங்கி, கையால் ஊன்றி, மேலே ஏறினாள்.

நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோட்டின் மேல் வெர்லின் நின்றிருந்தான். சட்டை மட்டும். கையை நெற்றியில் வைத்து, வண்டிகள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். இரும்பைப் போலக் குளிர்ந்திருந்தது.

"வா, உள்ள போகலாம்."

"இருங்கம்மா" என்றான், அந்நியளிடம் பேசும் மரியாதையோடு. "வண்டி நின்னுடுச்சு. வந்து சேந்தாச்சு. என் பொண்டாட்டி பின்னாடி கார்ல வர்றா. இன்னும் காணோம். குழந்தை அவகிட்டதான் இருக்கு."

இன்னொரு லாரி வந்தது. அதன் காற்று இருவரையும் பள்ளத்தின் பக்கம் தள்ளியது.

"அவங்க முன்னாடியே போயிட்டாங்க" என்றாள் நெல்டா. "உள்ள காபி போட்டுட்டு இருக்காங்க."

"குழந்தை?"

"குழந்தையும்."

அதன்பிறகுதான் அவன் நடந்தான்.

அவனைக் கம்பளியில் சுற்றி உட்காரவைத்துவிட்டு, நெல்டா ஜாக் சுற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாலையிலிருந்து அவர்கள் வந்ததைப் பார்த்த ஹாலிஸ் ஓடிவந்தபோது அவள் பனியில் முழங்கால் போட்டுப் பின்பக்க ஜாக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஆடட்டும்."

"அவரு பயப்படுவாரே."

"உள்ளயே பயப்படட்டும்."

அவன் பக்கத்தில் குனிந்தான். "ஜொலீனுக்குச் சொல்லணுமா?"

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவன் இன்னொரு பக்கம் போய்ச் சாய்வுக் கம்பிகளைத் தட்டிக் கழற்றினான்.

அவள் உள்ளே வந்தாள். காற்று விலாவில் இடித்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. அவளுக்கு மூச்சு வந்தது. எதிரே வெர்லின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி ஓடுது" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவன் கையை மூடினாள்.

"ஓடட்டும். பயப்படாத. நெல்டாதான் ஓட்டுறா. அவளுக்குத் தெரியும், நீ உள்ள இருக்கறது."

அவன் யோசித்தான். கை கொஞ்சம் தளர்ந்தது. கோப்பைகள் மறுபடி ஒலித்தன. அவன் மெதுவாகத் திரும்பி, மிக அருகில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவ ஓட்டுறான்னா," என்றான், "நீங்க யாரு?"