குவிந்த ஐந்து விரல்கள்

நான் வேலை செய்த இடத்துக்குச் சைகை மொழி வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னோடு வேலை செய்த ஓர் இளம் ஜேர்மன் பெண்ணும் கேட்டிருந்தாள். வயதில் மூத்தவன் என்று எனக்குக் கொடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

ஹனோவரில் இருந்த ஒரு சிறிய எர்கோதெரபி நிலையம் அது. வெட்டுப்பட்ட கை, பக்கவாதம் வந்த கை, முறிந்து பொருந்திய கை என்று வருபவற்றை மறுபடி அன்றாட வேலைக்குப் பழக்குவது எங்கள் தொழில். பொத்தான் பூட்டுவது, போத்தல் திறப்பது, உருளைக்கிழங்கு சீவுவது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், அகதியாக வந்து, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு இந்தத் தொழிலைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறினேன். இங்குள்ள தமிழ்ச்சனம் அப்போதும் என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில், பின்னேரம் ஐந்து மணிக்கு. படிப்பித்தவர் காது கேளாத ஒரு பெண்மணி. அறைக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. கைகளை நான் விரைவாகப் பிடித்துக்கொண்டேன். விரல்களின் எலும்பும் தசைநாணும் எனக்குத் தெரிந்தவைதானே. ஆனால் சைகை மொழியில் கை பாதி, முகம் பாதி. கேள்வி கேட்டால் புருவம் உயர வேண்டும். பெரியது என்றால் கன்னம் ஊத வேண்டும். வெறுப்பு என்றால் மூக்குச் சுருங்க வேண்டும். என் முகம் அசையவில்லை. அசைக்க நான் விடவில்லை என்பதே உண்மை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய முகம் அது. கூடப் படித்த இருபது வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைக் கோணிக்காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆசிரியை என் முன்னால் வந்து நின்று, தன் புருவத்தை விரலால் மேலே தள்ளிக்காட்டி, பிறகு என்னைச் சுட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல.

ஐந்தாவது வாரம் வகுப்புக்குப் போகும்போது டிராமின் கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கிப் பழகினேன். பின்னால் ஒரு குரல்.

"என்ன மாஸ்டர், பல்லுக்கொதியோ?"

கோயிலில் அடிக்கடி சந்திக்கிற ஒருவர். பக்கத்தில் அவருடைய மனைவி.

"இல்லை, சைகை மொழி படிக்கிறன். காது கேளாத ஆக்களுக்கு வேலை செய்யிறதுக்கு."

"கடவுளே! நீங்கள் வாயால கதைக்கிறதையே எங்களால நிப்பாட்ட ஏலாது. இனிக் கையாலையும் துவங்கப் போறியளோ?"

"சும்மா இருங்கோப்பா," என்று மனைவி அவரை இடித்தார். ஆனால் அவரும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அடுத்த தரிப்பில் இறங்கி, எதிர்த்திசை டிராமில் வீட்டுக்குப் போய்விட்டேன். அதன்பிறகு வகுப்புக்குப் போகவில்லை. நிலையத்தை நடத்திய பெண்மணி இடைக்கிடை, "வகுப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்பார். "நன்றாகப் போகிறது" என்பேன்.

அந்த வருடத்து இலையுதிர் காலத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி சிகிச்சைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேளாதவள். பதின்மூன்று வயதில் அண்ணனோடு இந்த நாட்டுக்கு வந்து, இங்கே காது கேளாதோர் பள்ளியில் படித்து, ஜேர்மன் சைகை மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டவள். ஒரு துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது கண்ணாடிக் குவளை உடைந்து வலது உள்ளங்கை ஆழமாக வெட்டுப்பட்டு, இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்துபோயிருந்தன. வைத்தியசாலையில் தைத்து, ஆறு வாரம் கட்டுப்போட்டு, எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

தைத்த தசைநாண் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி இறுகிப்போவதற்குள் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே நீட்டி மடக்கப் பழக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். அவளுடைய கையை முதன்முதலில் பிடித்துப் பார்த்தபோதே இது எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தக் கைதான் வாய் என்பதும் தெரியும்.

அவளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒவ்வொரு முறையும் அழைக்கலாம். மருத்துவக் காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கும். ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பி அனுப்பினால் போதும். நிலையத்தை நடத்தியவர் விண்ணப்பத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "உங்களுக்குச் சைகை மொழி தெரியும். அண்ணனோடும் தமிழில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையா?"

"தேவையில்லை" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் கும்பிடாத குறை. "அண்ணை, நீங்கள் தமிழாள் எண்டது கடவுள் செயல். எங்கட வீட்டு விஷயமெல்லாம் ஒரு வெள்ளைக்காரி நிண்டு கேக்கத் தேவையில்லைத்தானே."

"ஓம் ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"அவளுக்கு வேற ஒண்டும் வேண்டாம் அண்ணை. வலக்கையால சாப்பிட வேணும். என்ரை மகள் பெரியபிள்ளையாகி, மாசிமாசம் சாமத்தியவீடு. முந்நூறு சனம் வரும். சபையில இருந்து இடக்கையால சோத்தை அள்ளினா என்ன சொல்லுவினம்?"

அவரைக் குறை சொல்ல வரவில்லை. தங்கைக்காக வேலையில் லீவு எடுத்து வாரம் இரண்டு முறை காரோட்டி வந்தவர். ஆனால் தங்கையின் மொழியில் நாலு சொல்கூட அவருக்குத் தெரியாது. வீட்டில் அவர்களுக்குள் சாப்பாடு, நித்திரை, நோவு, போ, வா என்று ஒரு பத்துக் கைச்சாடை இருந்தது. முப்பது வருடம் அதை வைத்தே ஓட்டியிருந்தார்கள்.

சிகிச்சையின் நோக்கம் என்ன என்று எழுதும் கட்டத்தில் நான் 'வலக்கையால் சோறு உண்பது' என்று எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்து, அவளுடைய அண்ணனிடம் கேட்டு எழுதினேன். நோயாளியோடு வந்தவரிடம் பேசுவது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம். அது மரியாதை என்றே நினைத்துக்கொள்வோம்.

மூன்றாம் முறை வந்தபோது, காரை வேறிடத்தில் விட வேண்டுமென்று அண்ணன் வெளியே போனார். அவள் என் சட்டைப்பையிலிருந்த பேனையை இடக்கையால் எடுத்தாள். பயிற்சித்தாளின் பின்புறத்தில், முதலாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில், ஜேர்மன் மொழியில் எழுதினாள். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது.

'கை. பேச. சோறு பிறகு.'

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. ஆனால் பேசுவதற்குக் கையைப் பழக்க வேண்டுமென்றால், எந்தச் சொல்லுக்கு எந்த விரல் எழ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவளை மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தி, நாளாந்தம் அவள் பேசும் சொற்களையே பயிற்சியாக்க வேண்டும். அதற்கு மொழி தெரிய வேண்டும், அல்லது மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நான் படிக்கவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

அண்ணன் திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கிறுக்கல் பிடிபடவில்லை.

"என்ன எழுதினவள்?"

"நோகுதாம்," என்றேன்.

"பாவம்," என்று அண்ணன் அவளுடைய மணிக்கட்டைத் தடவி, நோவு என்பதற்கு அவர்கள் வீட்டில் வைத்திருந்த சாடையைக் காட்டி, போய்விடும் என்று கையை வீசிக் காட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பேனையை மேசையில் வைத்தாள்.

அதன்பிறகு சோறுதான். என் மனைவி சமைத்துத் தந்த சோற்றையும் பருப்பையும் டப்பாவில் கொண்டுபோவேன். நிலையத்தின் பயிற்சிச் சமையலறையில் தட்டில் போட்டு, ஐந்து விரலையும் குவித்துக் குழைத்து, உருட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளப் பழக்கினேன். சகபணியாளர்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு ஜேர்மன் சிகிச்சையாளருக்கு இது தோன்றியே இராது, நோயாளியின் பண்பாட்டை அறிந்து செய்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் அதைப்பற்றி இருபது நிமிடம் பேசவும் செய்தேன். விரல்களைத் தனித்தனியே நீட்டும் பயிற்சியையும் கொடுத்தேன்தான். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், கடமைக்கு.

சாமத்தியவீட்டுக்கு என்னையும் மனைவியையும் அழைத்திருந்தார்கள். அவள் எங்களுக்கு எதிர்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்து வலக்கையால் சாப்பிட்டாள். அண்ணன் என் தோளில் கைபோட்டு, "இவர்தான், மாஸ்டர்தான் தங்கச்சியின்ரை கையைத் திருப்பித் தந்தவர்," என்று மேசை மேசையாகச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வரும்போது, சுவரோரமாக நின்று, சுட்டுவிரலை மட்டும் நீட்டிப் பார்ப்பதைக் கண்டேன். அது பாதிதான் எழுந்தது. நடுவிரலும் கூடவே இழுபட்டு வந்தது. மறுபடி முயன்றாள். நான் பாயசம் வாங்கப் போய்விட்டேன்.

வைத்தியர் இன்னும் பத்து முறைக்குத் தொடர எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார். "இனி ஏன் அண்ணை? அவள் வடிவாச் சாப்பிடுறாள்," என்றார் அண்ணன். நான் வற்புறுத்தவில்லை. இறுதி அறிக்கையில் 'நோக்கம் நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வுபெற்ற நாளில் நிலையத்தார் ஒரு சிறு விருந்து வைத்தார்கள். நடத்தியவர் என் பணிகளைப் பட்டியலிட்டு வாசித்தார். 'நோயாளிகளுக்காகச் சைகை மொழியும் கற்றவர்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அன்று அந்த இடத்தைக் கேட்டுக் கிடைக்காமல் போன பெண்ணும் கைதட்டினாள். அவர்கள் தந்த பூச்செண்டை வீட்டுக்குக் கொண்டுவர மனம் வரவில்லை. டிராம் தரிப்பிடத்து வாங்கு இருக்கையில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன், என் சொந்தப் பணத்தில், அதே வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அதே ஆசிரியை. தலை நரைத்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, தன் புருவத்தை விரலால் மேலே தள்ளிக்காட்டினார்.

வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று பழகுவேன். "உள்ளுக்குள்ள என்னப்பா செய்யிறியள்? குரங்காட்டம் ஆடுறியளோ?" என்பாள் மனைவி. கதவைத் திறந்து கன்னத்தை ஊதிக்காட்டுவேன். "இந்த முகத்தை முதலே கண்டிருந்தா நான் கட்டியிருக்கமாட்டன்," என்பாள்.

சென்ற வசந்தத்தில் ஆசிரியை எங்கள் வகுப்பைக் காது கேளாதோர் சங்கத்தின் சனிக்கிழமைக் கோப்பிச் சந்திப்புக்கு அழைத்துப்போனார். நீண்ட மேசைகள், கேக், கோப்பிக் குடுவைகள். நாற்பது பேர் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் அவள் இருந்தாள். இடக்கையால் பேசினாள். மற்றவர்கள் முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, சில வேளை திருப்பிச் சொல்லும்படி கேட்டு, அவளைப் பின்தொடர்ந்தார்கள். திக்கிப் பேசுகிறவரிடம் பொறுமையாகக் காது கொடுப்பது போலிருந்தது.

அவள் என்னைக் கண்டாள். அருகிலிருந்தவர்களின் கையைத் தட்டி, என்னைச் சுட்டி, இடக்கையின் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள். மேசையிலிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓ, அவரா இவர் என்கிற பார்வை. காது கேளாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். எனக்கு அந்தப் பெயர் பத்து வருடத்துக்கு மேலாக அங்கே இருந்திருக்கிறது.

அவளுக்கு எதிரே இருந்தேன். பல வாரமாகப் பழகிய வசனங்களைச் சொன்னேன். 'அன்று நீ எழுதியது எனக்கு விளங்கியது. உன் அண்ணனிடம் பொய் சொன்னேன். எனக்குச் சைகை மொழி தெரியும் என்றும் பொய் சொன்னேன்.' அவள் இரண்டாம் வசனத்தைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டாள். சொன்னேன்.

'அன்றே தெரியும். அண்ணன் நோவு என்று காட்டினார். நான் நோவு என்று எழுதவில்லை.'

'ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?' என்று கேட்டேன். புருவம் உயர்ந்ததா என்று தெரியாது. கேள்வி அவளுக்கு விளங்கியது.

அவள் வலக்கையைக் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சுட்டுவிரலை நீட்டினாள். பாதி எழுந்து நின்றது, நடுவிரலையும் இழுத்துக்கொண்டு. அதை எனக்குக் கொஞ்சநேரம் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இடக்கையால் கேட்டாள்: 'எதால்?'

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. பால் குவளை என் பக்கத்தில் இருந்தது. அதைத் தரும்படி காட்டினாள். கொடுத்தேன்.

இப்போது முதல் சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். கதிரை அடுக்குகிறேன், கடிதம் வாசித்து விளங்கப்படுத்த உதவுகிறேன். எனக்கு வேறு பெயர் வைக்கட்டுமா என்று ஆசிரியை ஒருநாள் கேட்டார். என் மூக்குக்கண்ணாடியை வைத்து ஒன்று, நரைத்த மீசையை வைத்து ஒன்று என்று காட்டினார். வேண்டாம் என்றேன். யாராவது ஐந்து விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் நான் எழுந்து போகிறேன்.