கழிமுகத் தண்ணீரில் மிஞ்சிய பாதி

பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. தேதி, பொருள், அளவு, காரணம் என்று பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். தஞ்சாவூரில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த கல்லூரியில், ஆய்வகத்திலிருந்து எதைக் கொட்டுவதானாலும் முதலில் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி போட்ட சட்டமில்லை அது, ஆய்வக உதவியாளராக இருந்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிட்டவர், போட்ட சட்டம். வளைகுடாவில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கையெழுத்தில்லாமல் ஒரு வாளித் தண்ணீரைக்கூடக் கொட்ட முடியாதாம். ஊருக்கு வரும்போது அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

கொள்ளிடம் கடலில் கலக்கும் கழிமுகத்துத் தண்ணீர்தான் என் ஆய்வு. சம்பா வயலில் அடிக்கும் பூச்சி மருந்து வடிகால் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று தீர்த்துவிடுமா என்பது கேள்வி. என் அப்பா வலங்கைமான் பக்கம் கூலிக்கு மருந்து அடித்தவர். அடித்த அன்றைக்குக் கைகால் எரிகிறதென்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். தீர்த்துவிடும் என்ற பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கக் கூடாது, எனக்கு இருந்தது.

முப்பது குப்பிகளில் கழிமுகத் தண்ணீரை ஊற்றி, மருந்தைக் கலந்து, வாரம் ஒருமுறை அளந்தேன். மருந்து மளமளவென்று குறைந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரம் காத்திருந்தும் அசையவில்லை. எங்கோ சொதப்பிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது, அடுத்த சம்பா வடிகால் தண்ணீருக்குக் காத்திருக்க வழியில்லை. பட்டமே போயிற்று என்ற ஆத்திரத்தில் முப்பதையும் கொட்டிவிடச் சொன்னேன்.

அண்ணன் நோட்டை என் முன்னால் நகர்த்தினார்.

"வாயால சொன்னா கொட்ட மாட்டேம்மா. காரணத்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவரை ஏதோ கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தேதி, பொருள், அளவு எல்லாம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. 'என் தவறு' என்று எழுதலாம். ஆனால் என்ன தவறு? தவறு செய்திருந்தால் ஒரு குப்பியில் கூடியும் ஒரு குப்பியில் குறைந்தும் அல்லவா இருக்க வேண்டும்? முப்பதும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி சரிபாதியில் ஏன் நிற்கின்றன? அப்போதுதான் எப்போதோ பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன விஷயம் ஞாபகம் வந்தது. சில மருந்துகளின் மூலக்கூறு ஒரே ஜோடியின் இடது செருப்பும் வலது செருப்பும் போல இரண்டு வடிவங்களில், சரிபாதியாகக் கலந்து இருக்கும். எங்கள் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். பாக்டீரியாவுக்கு அப்படியில்லை, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைத் தொடாமலே விட்டுவிடலாம்.

கையெழுத்துப் போடாமல் எழுந்தேன். இரண்டையும் பிரித்தறியும் வசதி சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி பஸ் ஏற்றிவிட்டவரும் அண்ணன்தான். நான் பேசிய பேச்சை அவர் சொல்லிக்கூடக் காட்டவில்லை. பத்து நாளில் முடிவு வந்தது. முப்பது குப்பியிலும் இடது வடிவம் ஏறக்குறைய காலி, வலது வடிவம் போட்டது போட்டபடி இருந்தது. என் பட்டம் பிழைத்தது. அன்று நோட்டு நீட்டப்படாமல் இருந்திருந்தால், நான் ஊருக்குத் திரும்பி வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்கும்மா என்று சொல்லிவிட்டு, என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரியைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்: கழிமுகத்து பாக்டீரியாக்கள் பூச்சி மருந்தில் பாதியைச் சிதைக்கின்றன. அவர் தம்பி அந்தக் கழிமுகத்தில்தான் இறாலுக்கு வலை போடுகிறவர். திங்காத பாதி எங்கே போகும் என்று கேட்டார். அது அங்கேயேதான் இருக்கும் என்றேன்.

"அப்ப அத மொதல்ல எழுதுங்கம்மா. பாதி போச்சுன்னு எழுதுனீங்கன்னா, முழுசும் போச்சுன்னு படிச்சிருவாங்க."

அந்த வரியை அன்றே அடித்துவிட்டு, மிஞ்சும் பாதியை முதல் வரியாக எழுதினேன். இந்த வாழ்க்கையில் யாருக்காவது நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால் அவருக்குத்தான். இப்போது நானும் மாணவிகளும் அந்தச் சேற்றில் வலது வடிவத்தையும் தின்னும் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் அகப்படவில்லை. விவசாயிகள் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஆறு தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்ளும்தானே என்று யாராவது எழுந்து கேட்பார். என் அப்பாவைப் போலவே மருந்து அடித்துக் காய்த்துப்போன கைகளோடு, எல்லாரும் நல்ல பதிலை எதிர்பார்த்து என் முகத்தையே பார்ப்பார்கள். மிஞ்சும் பாதியைத்தான் முதலில் சொல்கிறேன்.