உவர்மலையில் ஆறு கிண்ணம் ஷெனின்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. வவுனியாவில் ஏறிய பஸ் ஹொரவப்பொத்தானை வழியாகத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் ஓடி என்னைத் திருகோணமலையில் இறக்கிவிட்டது. பிரான்சில், லுவார் ஆற்றங்கரையில், ஷெனின் என்ற வெள்ளைத் திராட்சைத் தோட்டமொன்றில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். உவர்மலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில், பரிசாரகர்களுக்கு அந்த ஒரு திராட்சையின் பல வைன்களைப் பற்றி மூன்று நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். போத்தல்களைக் கொழும்பிலிருந்து முன்பே எடுப்பித்து வைத்திருந்தார்கள்.

"மீன்சந்தைப் பக்கத்தால போனாக் கெதியாப் போகலாம். மணம் பொறுப்பீங்களோ?" என்று கேட்டார் ஓட்டோக்காரர்.

"ஓம், போங்கோ."

பாரைகள் வயிறு பிளந்து கிடந்தன. சாக்கடையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. ஓட்டோக்காரர் தோளில் கிடந்த துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மீனும் இல்லை, கடலும் இல்லை, புகையும் இல்லை. செத்தவன் ஒருவன் ஊருக்குத் திரும்பி வந்தால் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்ப்பான் என்று தோன்றியது.

எட்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. வைத்தியரைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. முதலாளிக்கு இல்லை, மனைவி மாலினிக்கும் இல்லை. மணம் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். ஒன்றே ஒன்று மட்டும் இடைக்கிடை வரும்: ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகை. மெழுகுதிரியே இல்லாத இடங்களில், காரில், வயலில், குளியலறையில் வரும். மூளை தானாகச் செய்கிற மணம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். ஆனாலும் அது வரும்போதெல்லாம் யாரோ எனக்கு முன் அந்த இடத்தில் நின்றுவிட்டுப் போனதுபோல் உடம்பு சிலிர்க்கும்.

புதன்கிழமை, காலை பத்து மணி. யன்னலுக்குக் கீழே உள்துறைமுகம் அசையாமல் கிடந்தது. அக்கரையில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்குள் பாதி மறைந்து நின்றன. ஏழு பரிசாரகர்கள், முகாமையாளர் கௌரி. லிங்கநகர்க்காரி, கொஞ்சம் கண்டிப்பான பெண்.

ஆறு கிண்ணங்களை வரிசையில் வைத்தேன். "எல்லாம் ஒரே பழம். எப்ப பறிக்கிறம், எப்படி வைக்கிறம் எண்டதிலதான் வித்தியாசம்," என்று தொடங்கினேன். பிஞ்சுப் புளிப்போடு பறித்தால் நுரைக்கிற வைன். பழுத்ததும் பறித்தால் புளிப்பும் கூர்மையுமான ஒன்று. சற்றே இனிப்பை விட்டுவைத்தால் இன்னொன்று. தென்னாபிரிக்காவில் வெயிலில் விளைந்தது வேறு. ஓக் பீப்பாயில் வைத்தது வேறு. கடைசி வகைக்கு, ஆற்று மூடுபனியில் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கும்வரை பழத்தைக் கொடியிலேயே விடுவோம். அது தேன்போல் வழியும்.

நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும் இன்னும் தெரியும். மிச்சத்தை மனப்பாடமாகச் சொன்னேன். மூன்றாவது கிண்ணத்தை மூக்கருகில் வைத்து, "தேன், பேரிக்காய், உலர்ந்த பூ" என்றேன்.

"சேர், அதில நனஞ்ச காட்போட் பெட்டி மணக்குதே."

வாசலில் மரக்கறிக் கூடையோடு நின்றவர் சொன்னார். குசினியின் களஞ்சியக்காரர் நிசார், கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தக்கை பழுதானால் வருகிற மணம் அதுதான். பிரான்சில் பத்து வருடம் பழகியவன்கூடச் சில நேரம் தவறவிடுவான்.

"உங்களைச் சோதிக்கத்தான் அந்தப் போத்தலை எடுத்தனான்," என்று பொய் சொன்னேன். "நீங்கள் வைன் குடிக்கிறனீங்களோ?"

"அல்லாஹ்! இல்ல சேர். மணம் தானா வாசலுக்கு வருது, நான் என்ன செய்ய?"

மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். நிசார் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வைன் அறை குசினிக்குப் பின்னால் நான்கு படி இறக்கத்தில் இருந்தது. சாப்பாட்டு வேலை முடிந்து குசினியில் ஒருவரும் இல்லை. அடுத்த நாளுக்கான இனிப்பு வைனைத் தேடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. கைபேசி மேலே அறையில். வைனின் நிறம் காட்டுவதற்காக ஒரு மெழுகுதிரியும் லைற்றரும் கொண்டுவந்திருந்தேன். திரியை நிமிர்த்தி, லைற்றரில் பெருவிரலை வைத்தேன்.

அப்போது அந்த மணம் வந்தது. ஊதி அணைத்த மெழுகுதிரி. என்றுமே இவ்வளவு பலமாக வந்ததில்லை. காதுக்குப் பக்கத்தில் யாரோ இப்போதுதான் ஊதியதுபோல் இருந்தது. கையிலிருந்த திரியைத் தொட்டுப் பார்த்தேன்: குளிர்ந்து, நுனி கருகாமல், ஒருமுறையும் எரியாததாக இருந்தது.

"ஆர் அங்க?" என்றேன் இருட்டைப் பார்த்து. திரும்பி, கையால் தடவி எல்லா மூலைகளையும் தேடினேன். அதில் ஒரு நிமிடம் போயிருக்கும்.

"கொளுத்திராதீங்க சேர்!"

மேற்படியில் நிசார். நான்கு படியையும் இரண்டு எட்டில் இறங்கி என் கையைப் பிடித்து லைற்றரைப் பறித்தார். என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். திரும்பி ஓடிப்போய் சிலிண்டரைப் பூட்டி, கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டு வந்தார். காஸ் குழாயை எலி கடித்திருந்ததாம். காஸ் கனமானது, குசினியிலிருந்து வழிந்து அந்தப் பள்ளத்து அறையில் நிரம்பிக்கிடந்திருக்கிறது.

நிசார் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

"களஞ்சியத்துல இருந்த எனக்கே மூச்சு முட்டிச்சு. உள்ளுக்க நிண்ட உங்களுக்கு மணக்கல்லயா?"

"இல்லை."

"நேத்தும் மணக்கல்ல, என்ன?"

"எட்டு மாதமா ஒண்டும் மணக்கிறதில்லை." வேறு ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெழுகுதிரி மணத்தையும் சொன்னேன். "நீங்கள் வரேக்க அப்படி ஒரு மணம் இருந்ததோ?"

அவர் யோசித்தார். "இல்ல சேர். காஸ் மட்டும்தான்." பிறகு திறந்து கிடந்த அந்தக் கதவைப் பார்த்தபடி வாய்க்குள் எதையோ ஓதினார்.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. ஏழு பேருக்கும் கௌரிக்கும் முன்னால் எழுந்து உண்மையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கௌரி கொப்பியை மூடிவைத்தார்.

"நான் உங்கட முதலாளிக்கு எழுதத்தான் வேணும்."

"அதுக்கு முதல் நானே சொல்லுறன். இண்டைக்கு வகுப்பை மட்டும் முடிக்க விடுங்கோ."

அவர் தலையசைத்தார். பிறகு நிசாரை அழைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. ஒரு பரிசாரகர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோனார்.

"இது மழையில நனஞ்ச ஆடு." மறுபடி சிரிப்பு. ஆனால் புளிப்பு ஷெனினுக்கு லுவாரில் நாங்கள் நனைந்த கம்பளி என்றுதான் சொல்வோம். பீப்பாய் வைன்: "வறுத்த கச்சான் கொட்டை." கடைசிக் கிண்ணத்தில் அவர் வெகுநேரம் நின்றார். "பாலைப்பழம். பழுத்து விழுந்து வெயில்ல கிடந்தது. கொஞ்சம் தேன்மெழுகும்."

அவர் சொல்லச் சொல்லப் பரிசாரகர்கள் எழுதினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் எழுதினேன். பதினொன்றரைக்கு, ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்று நிசார் விடைபெற்றார்.

பிற்பகல் ஒரு மணி, பஸ் நிலையம். மாலினியும் மகனும் இருக்கும் லுவாரில் அப்போது காலை. பனி ஆற்றிலிருந்து எழுந்து கொடிகளை மூடியிருக்கும். இங்கே பனி இல்லை, ஒரு காகம் கூட நிழலை விட்டு அசையாத வெயில். முதலாளிக்கு முன் மாலினிக்குச் சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியுமப்பா," என்றாள். "சித்திரையில மகன் சிகரெட் பிடிச்சிட்டு வந்து உங்களுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவன். நீங்கள் அவனுக்கு மீன்துண்டு எடுத்து வைச்சீங்கள். அண்டைக்கே எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கீட்டுது."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

பஸ் வந்து நின்றது. இவ்வளவு மாதமும் ஒவ்வொரு இரவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை.

"எப்ப வீட்டை வந்து சேருவீங்கள்?" என்றாள் மாலினி.

விமானம் வந்து இறங்கும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.